எண்ணெய் என்று நான் எழுதிய வரி

என் வீட்டை ஒட்டிய வளவில் ஆறு வருஷம் ஒரு விமானம் நின்றது. இதைச் சொன்னால் வெளியூர்ச் சனம் வாயைப் பிளக்கிறது. "மாஷா அல்லாஹ், உங்கட அவருக்குப் பெரிய மூளதான்" என்கிறார்கள். ஒரு மாதம் வந்து அதோடு குடியிருந்து பார்க்கட்டும், அந்த மூளையின் பெறுமதி தெரியும். எல்லாரும் அதைப் பிளேன் என்றார்கள். நான் முசீபத்து, வீட்டுக்கு வந்த பெருந்தொல்லை, என்றேன். காலையில் முற்றம் கூட்டும்போது அதன் வாலில் தலை இடிபடாத நாள் குறைவு.

என் புருஷன் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்துகிறவர். கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை கிழக்குக் கரையில் எந்த இஞ்சின் செத்தாலும் இவரிடம்தான் வரும். அந்த வேலையைச் செய்துகொண்டு மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். இணையத்தில் ஒரு வரைபடத்தை எடுத்தார். ஒரே ஒரு ஆள் இருக்கக்கூடிய சின்ன விமானம்; மரச்சட்டம், அலுமினியக் குழாய், மேலே சீலை. காற்றில் ஆறுகிற பழைய கார் இஞ்சின் ஒன்றை எங்கேயோ பிடித்துக்கொண்டு வந்தார். பறப்பதற்கு அனுமதி கேட்டுக் கொழும்புக்கு எழுதிய கடிதங்களுக்கு என்ன பதில் வந்ததென்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. கிராம சேவகர் ஒருநாள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதற்கு என்ன பத்திரம் நிரப்புவதென்று தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

இறக்கைகளுக்குச் சீலை தைத்தது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் எனக்கும் கொஞ்சம் பைத்தியம் இருந்தது. நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அந்த விமானத்தின் புத்தகம் முழுக்க ஆங்கிலம், அவருடைய ஆங்கிலம் இஞ்சின் பாகங்களின் பெயர்களோடு தீர்ந்துவிடும். ஆகவே பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னேன். முதல்முறை இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பார்க்கவேண்டியவற்றின் பட்டியலைக் கொப்பித் தாளில் பத்தொன்பது வரியாகத் தமிழில் எழுதியும் கொடுத்தேன். தமிழ் எழுதினால் தமிழாக எழுது என்று பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் கோடு போடுகிறவள் நான். அதனால் அந்தப் பட்டியலையும் சுத்தமான தமிழில்தான் எழுதினேன். ஒன்பதாவது வரி இப்படி இருந்தது: எண்ணெய் போதிய அளவு ஊற்றப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடில்லை என்றால் அவர் எங்கே வருவது? நான் இருக்கும் வீடு என் உம்மா எனக்குக் கட்டித் தந்தது. அதை ஒட்டிய வெறும் வளவும் என் பேரில்தான், என் மகளின் வீட்டுக்கென்று விட்டுவைத்தது. அந்த இடத்தில்தான் இவர் தகரக் கொட்டில் போட்டு முசீபத்தை நிறுத்தினார். "ஒரு வருஷம்தான் புள்ள, முடிச்சி எடுத்திருவன்" என்றார். ஒரு வருஷம் ஆறு வருஷமானது. மகளுக்கு நிந்தவூரில் ஒரு இடம் பொருந்தி வந்தது. நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். வீட்டுக்காக இரண்டு வருஷம் பொறுத்திருந்தார்கள். பொறுத்துப் பொறுத்து ஒருநாள் வளவைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் வாப்பா கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்னது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

என் புருஷன் சிரித்துக்கொண்டு, "இதா? இதுதான் என்ட மூத்த புள்ள" என்றார்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மகள். அவள் யன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வந்தவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. அன்றிலிருந்து அவரோடு பேச்சை விட்டேன். நாலு மாதம். சோற்றை வைப்பேன், எடுப்பேன். தேவையானதை மகள் மூலம் சொல்லுவேன். "வாப்பாட்டச் சொல்லு, காஸ் முடிஞ்சிட்டு எண்டு." அவர் நாலடிக்கு அப்பால் கதிரையில் இருப்பார். அவரும் ரோசக்காரர், வாயே திறக்கவில்லை. அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஒரே வீட்டுக்குள் செய்தி காவியது.

கடைசியில் என் காக்கா வந்தார். சாய்ந்தமருதில் இருக்கும் என் மூத்த சகோதரன். பஞ்சாயத்துச் செய்வதென்றால் அவருக்குச் சோறும் வேண்டாம். இரண்டு பேரையும் இருத்திவைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"மச்சான், வாற சனிக்கிழம பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்ன இஞ்சின் ஸ்டார்ட் ஆகணும். ஆகி அஞ்சி நிமிஷம் ஓடினா, ஒங்களுக்கு இன்னும் ஒரு வருஷம். நிந்தவூராக்களோட நான் கதைக்கன். ஆகல்லயா, ஞாயித்துக்கிழம மேசன் வருவாரு. கொட்டில் இரிக்கப்படா. சரியா?"

"சரி மச்சான்" என்றார் இவர்.

நான் காக்காவைத் தனியே பிடித்து, "நிந்தவூராக்கள் இன்னும் ஒரு வருஷம் நிப்பாங்களா?" என்று கேட்டேன். காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நிக்க மாட்டாங்க, தங்கச்சி" என்றார். "ஆனா ஸ்டார்ட் ஆகாது, நீ பயப்புடாத."

அவருக்கு என் புருஷனைத் தெரியாது. எனக்குத் தெரியும். அது ஸ்டார்ட் ஆகும்.

சனிக்கிழமை ளுஹர் தொழுகை முடிந்ததும் காக்கா வந்து கதிரை போட்டு வேப்பமர நிழலில் இருந்தார். மதிலுக்கு மேலால் தலைகள் முளைக்கத் தொடங்கின. அந்தப் புத்தகத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: ஒருவர் பட்டியலை வாசிக்க வேண்டும், மற்றவர் பார்த்துச் "சரி" என்று சொல்ல வேண்டும், வாசித்தவர் அந்த வரிக்கு அடையாளம் போட வேண்டும். யார் வாசிப்பது என்று பேச்சு வந்தது. காக்கா என்னைக் கைகாட்டினார்.

"தங்கச்சி வாசிக்கட்டும். அவ பொய் சொல்ல மாட்டா. அப்பதான் மறுகா ஏச்சிப்பேச்சி இரிக்காது."

நாலு மாதம் கதைக்காத இரண்டு பேர் இப்படித்தான் ஒரு விமானத்துக்கு முன்னால் நேருக்கு நேர் நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்து வாசித்தேன், பாடசாலையில் இடாப்பைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிற குரலில்.

"ஒன்று. காற்றாடிக்கு முன்னால் கல், ஆணி, குப்பை எதுவும் இல்லை."

அவர் விளக்குமாறை எடுத்துக் கூட்டினார். சின்னக் கல் ஒன்று எழும்பிப் பட்டாலும் காற்றாடி உடைந்துவிடுமாம். கலியாணம் முடித்த இத்தனை வருஷத்தில் அவர் முற்றம் கூட்டுவதை அன்றைக்குத்தான் கண்டேன். உம்மாவுக்குச் சுகமில்லாமல் நான் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில்கூடக் கூட்டாத மனுஷன். அவர் "சரி" என்றார். நான் பென்சிலால் சரி போட்டேன்.

சில்லுகளுக்குக் கட்டை வைத்தாயிற்றா, சரி. வாலை மரத்தோடு கட்டியாயிற்றா, சரி. வள்ளம் கட்டுகிற நைலோன் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி வேம்பில் கட்டியிருந்தார். மண் வாளி, தீயணைக்கிற சிலிண்டர், சரி. காற்றாடியின் ஆறு ஆணிகளையும் சாவி போட்டு ஒவ்வொன்றாக இறுக்கிக் காட்டினார், சரி. அவர் "சரி" என்று சொல்லும் ஒவ்வொரு தரமும் அது எனக்குச் சொல்வது போலவே கேட்டது. நாலு மாதமாக அவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டிய சரிகள் எல்லாம் அன்றைக்கு ஒரு இஞ்சினுக்குப் போய்க்கொண்டிருந்தன.

"ஒன்பது. எண்ணெய் போதிய அளவு ஊற்றப்பட்டிருக்கிறது."

"சரி" என்றார். நானும் சரி போட்டேன்.

பத்தாவது, பெற்றோல் குழாயில் கசிவு. பதினொன்று, பெற்றறி. இரண்டுக்கும் சரி போட்டேன். பதினொன்றைப் பார்க்கும்போது கையில் கிறீஸ் பட்டுவிட்டது. என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார், துணி வேண்டுமாம். வாயால் கேட்டால் முத்து உதிர்ந்துவிடும். கொட்டிலின் பின்பக்கத் தட்டில் கந்தல்துணி இருந்தது. எடுக்கப் போனேன். துணிக்குப் பக்கத்தில் இஞ்சின் ஒயில் கலன் நின்றது. நாலு லீற்றர்க் கலன். மூடியின் கீழிருக்கும் வளையம் அறுபடவில்லை. தூக்கினேன். நிறைந்து கிடந்தது.

நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னவள். முந்திய வாரம் இவர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுற்றி, ஒயில் ஏறுகிறதா என்று அளவு காட்டும் முள்ளைப் பார்த்ததை நான் குசினி யன்னலால் கண்டேன். ஏறியது. பிறகு அடியில் எங்கோ கசிகிறது என்று புதன்கிழமை அவ்வளவு ஒயிலையும் வடித்தார். கசிவை அடைத்தார். புது ஒயில் வாங்கி வந்து தட்டில் வைத்தார். அது அங்கேயே இருக்கிறது. அப்படியானால் இஞ்சினுக்குள் ஒரு சொட்டு ஒயில் இல்லை.

இப்படி ஓட்டினால் என்ன நடக்கும் என்று அந்தப் புத்தகத்தில் நான் வாசித்திருக்கிறேன். ஸ்டார்ட் ஆகும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஓடும். பிறகு உள்ளே இரும்பும் இரும்பும் தேய்ந்து இறுகி நின்றுவிடும். காக்கா கேட்ட ஐந்து நிமிஷம் வராது. பிறகு அந்த இஞ்சின் பழைய இரும்புக்காரனுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேசன் வருவார். நான் கையை வைக்கவே தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாலு மாதம் மூடி வைத்திருந்த வாய்தானே.

துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளை எடுத்தேன்.

"பன்னிரண்டு. சில்லுத் தடுப்புப் பிடிக்கிறது."

"சரி."

"பதிமூன்று."

என் குரல் எனக்கே கேட்டது, நன்றாகத்தான் இருந்தது, நடுக்கம் ஒன்றுமில்லை. பதிமூன்று, பதினாலு, பதினைந்து என்று வாசித்துக்கொண்டே போனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அந்த நேரம் எனக்கு வெட்கம் வரவில்லை. மகள் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அவளைப் பார்த்தேன். மூத்த பிள்ளையாம்! இரு, உன்ட மூத்த பிள்ளையின் ஹயாத்து இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று மனதுக்குள் அவருக்குச் சொன்னேன்.

"பதினெட்டு. சுற்றியிருப்பவர்கள் விலகி நிற்கிறார்கள்."

அவர் கையைக் காட்டினார். காக்கா கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். நானும் நாலடி விலகினேன். பத்தொன்பது ஒன்றுதான் மிச்சம்: ஸ்டார்ட். அவர் உள்ளே ஏறி இருந்தார். சாவியில் கை வைத்தார். வைத்தவர் கழுத்தை எட்டி என்னைப் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"காதப் பொத்திக்க புள்ள" என்றார். "ஒனக்கு வலிக்கும்."

சின்ன வயதில் எனக்கு இடது காதில் சீழ் வைத்து ஓட்டை விழுந்தது. பெரிய சத்தம் கேட்டால் இரண்டு நாளைக்குக் காது குத்தும். பெருநாளில் வெடி கொளுத்தினாலும் அவர்தான் யன்னலைச் சாத்துவார். பாழாய்ப்போன மனுஷன், நாலு மாதம் கழித்துக் கதைக்கிற முதல் சொல்லா இது? வேறு எதையாவது சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? ஏசியிருந்தால் நான் பேசாமல் நின்றிருப்பேன்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். "ஒயில் ஊத்தல்ல நீங்க!"

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். இறங்கி வந்து ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்த்தார். கம்பி காய்ந்து கிடந்தது. மனுஷனின் முகம் சாம்பலாகிவிட்டது. பிறகு, எதிர்பார்த்தபடியே, என் மேல் பாய்ந்தார்.

"நீ எண்ணெய் எண்டுதானே வாசிச்ச!"

"எண்ணெய் எண்டா ஒயில்தானே!"

"எந்த ஊருல? கடக்கரையில போய் நாலு பேருட்டக் கேளு, எண்ணெய் எண்டா என்னெண்டு. இஞ்சினுக்கு அடிக்கிற எண்ணெய். டாங்கி நிறைய அடிச்சிரிக்கன். சரி எண்டன்!"

"ஒயிலுக்குத் தமிழ் எண்ணெய். நான் தமிழ்லதான் எழுதுவன்."

"அப்ப என்ன எண்ணெய் ஊத்தச் சொல்லுற? நல்லெண்ணெயா, தேங்கெண்ணெயா? சொல்லு, எடுத்து ஊத்துறன்!"

மதிலுக்கு மேலே சிரித்தார்கள். எனக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. வள்ளத்து இஞ்சினுக்கு ஒயிலென்று தனியாக ஊற்றுகிற பாத்திரமே கிடையாது. எரிகிற எண்ணெயோடு கலந்துதான் அடிப்பார்கள். முப்பது வருஷம் அதையே செய்த கை, அதையே கேட்ட காது. கரையில் இருக்கிற எவனிடமும் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டால் டாங்கியைத்தான் தட்டிக் காட்டுவான். ஊரார் எப்படிக் கதைப்பார்கள் என்று பார்க்காமல் அகராதி பார்த்து எழுதினேன்.

"எப்ப கண்ட நீ?" என்று கேட்டார், கலனை உடைத்துக்கொண்டே.

"இப்பதான்" என்றேன்.

ஒயில் ஊற்றினார். பிளக்குகளைக் கழற்றி முள் எழும்பும்வரை இஞ்சினைச் சுற்றினார். திரும்பப் பூட்டினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். முதல் தரம் இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தரம் பின்னால் புகை கக்கியது. மூன்றாம் தரம் பிடித்தது. தகரக் கொட்டில் முழுக்க அதிர்ந்தது, வேப்பிலையெல்லாம் பின்னுக்குப் பறந்தது, காகம் ஒன்று மிச்சமில்லை. கட்டியிருந்த வால் கயிற்றை இழுத்தது. நான் தைத்த சீலை விம்மி விம்மி நின்றது, ஒரு தையல் பிரியவில்லை. காக்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் கழிந்து ஆறாவது நிமிஷம் இவர் தானாகத்தான் நிறுத்தினார். மதிலில் நின்றவர்கள் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார்கள். மகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான்தான் செய்தேன். என் மகளின் வீட்டை என் வாயாலேயே இடித்தேன். காக்கா என்னிடம் வந்து, "அல்லாஹ்ட நாட்டம், தங்கச்சி" என்றார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து இவர் பட்டியலைக் கேட்டார். புத்தகத்தோடு சேர்த்து வைக்க வேண்டுமாம். சந்தோசமாகத்தான் வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல மெல்லப் போனது.

"பதினொண்டு வரைக்கும் சரி போட்டிரிக்க" என்றார். "பன்னெண்டுலரிந்து ஒண்டுமில்ல."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசித்திருக்கிறேன், பென்சில் கையில் இருந்திருக்கிறது, ஆனால் கை போடவில்லை.

விரலை வைத்து எண்ணினார். பன்னிரண்டு, பதிமூன்று, பதினெட்டு வரைக்கும் ஒவ்வொன்றாக.

"ஏழு வரி" என்றார். "தெரிஞ்சிக்கிட்டு ஏழு வரி வாசிச்சிரிக்க நீ."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இறக்கை இரண்டையும் கழற்றிக்கொண்டிருந்தார். மாவடிப்பள்ளியில் கூட்டாளி ஒருவரின் நெல் ஆலையிலிருந்து உழவு மெசின் ஒன்று, பின்னால் இழுக்கிற பெட்டியோடு, விமானத்தை ஏற்ற வந்து நின்றது. காக்கா ஓடிவந்து, "மச்சான், ஒங்களுக்கு ஒரு வருஷம் இரிக்கே, என்னத்துக்கு இப்ப எடுக்கிய?" என்று பதறினார்.

"வேணா மச்சான். வளவு ஒங்கட தங்கச்சிர பேர்ல. வீடு கட்டட்டும்." என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "ஒன்ட கண்ணுக்கு முன்னால இத வெச்சிட்டு நான் எப்பிடி நித்திர கொள்ளுற?"

பத்து மாதத்தில் வீடு எழும்பியது. மகள் அந்த நிந்தவூர்ப் பிள்ளையையே கலியாணம் முடித்து அதில்தான் இருக்கிறாள். விமானம் நின்ற இடத்தில் அவளுடைய அடுப்பும் குசினியும். அவர் வாரத்தில் இரண்டு நாள் விமானத்தைப் பார்க்க மாவடிப்பள்ளிக்குப் போகிறார். பட்டியலை அவரே வாசித்து, அவரே பார்த்து, அவரே சரி போடுகிறாராம். ஒன்பதாவது வரியில் எண்ணெயை வெட்டிவிட்டு ஒயில் என்று எழுதியிருக்கிறார்.

இப்போது நாங்கள் கதைக்கிறோம். நன்றாகவே கதைக்கிறோம், சண்டை பிடிக்கிறோம், சிரிக்கவும் செய்கிறோம். பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்து, "சீனி போட்டாச்சி" என்பேன். அவர் "சரி" என்பார். பிறகு கரண்டியை எடுத்து அடிவரைக்கும் ஒரு கலக்குக் கலக்கி, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.